சேவலைக் கொன்றது யார்? – மேஜிக் மாமா பதில்கள்

போன இதழில் பேச்சோடு பேச்சாக, ‘மேஜிக்காரனிடம் ஒரு கொலைக் கேஸைக் கொடுத்துப் பாருங்கள், போலீஸை விடச் சீக்கிரம் முடிப்பான்’ என்று எழுதித் தொலைத்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சள் பை நிறைய இருக்கின்றன. பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் இந்த முறை முழுக்கக் கொலையும் மேஜிக்கும்தான். மூட்டுவலிக்கும் பெண் பார்ப்பதற்கும் வழி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். (மூட்டுவலிக்கு ஏன் என்னிடம் வருகிறார்கள் என்பது தனி மர்மம்.)

கேள்வி: ஊரை ஏமாற்றுவதே உங்கள் தொழில். நீங்கள் திருடனாகப் போனால் ஒத்துக்கொள்வேன். துப்பறிவாளன் எப்படி ஆக முடியும்?
– ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், பண்ருட்டி

பதில்: சார், கோபம் வேண்டாம். ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன்.

நாற்பது வருடமாக நான் ஒரு காசு ஐட்டம் செய்கிறேன். கூட்டத்தில் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு, அவர் உள்ளங்கையில் ஐந்து ரூபாய்க் காசை வைத்து மூடச் சொல்வேன். திறந்தால் காசு இருக்காது. ஷோ முடிந்ததும் அவர் டீக்கடையில் அந்தக் கதையைச் சொல்வார். பக்கத்து பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு நானே கேட்டிருக்கிறேன். “ஆள் அரைக்கைச் சட்டை போட்டிருந்தாருப்பா. என் கையத் தொடவே இல்ல. காசு முழுக்க என்கிட்டயேதான் இருந்துச்சு.”

மூன்றும் தப்பு. நான் முழுக்கைக் கோட்டு போட்டிருந்தேன். அவர் கையை இரண்டு தடவை தொட்டேன். நடுவில், “இந்த அம்மாவுக்கும் காட்டுவோமே” என்று காசை வாங்கி முன்வரிசையில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அது அவர் ஞாபகத்தில் இல்லவே இல்லை. ஏனென்றால் அப்போது ‘மேஜிக் இன்னும் ஆரம்பிக்கவில்லை’. மனிதர் பொய்யர் இல்லை. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வார்.

கொலைக் கேஸில் சாட்சி சொல்கிறவரும் இவரேதான். “ஒன்பது மணிக்கு மேல ரூமுக்குள்ள யாரும் போகல” என்பார். இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் நடந்ததைத் தோண்டுவார். மேஜிக்காரன், “சரி, எட்டே முக்காலுக்கு யார் போனா?” என்று கேட்பான். எனக்குத் தெரிந்த துப்பறிதல் இவ்வளவுதான் சார். மூளை எல்லாம் உங்களைப் போலத்தான்.

கேள்வி: மேஜிக்காரர் துப்பறிகிற நாவல்கள் உண்டா? சிரிப்பும் வேண்டும். இரத்தம் அதிகம் வேண்டாம்.
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: இங்கிலீஷில் இருக்கிறது, தாயி. கிளேட்டன் ராசன் என்று ஓர் அமெரிக்கர். அவரே மேஜிக் தெரிந்தவர். 1938-இல் ‘டெத் ஃப்ரம் எ டாப் ஹாட்’ என்ற நாவலில் தி கிரேட் மெர்லினி என்ற துப்பறிவாளரை இறக்கிவிட்டார். மெர்லினி நியூயார்க் டைம்ஸ் சதுக்கப் பக்கம் மேஜிக் சாமான் கடை நடத்துகிறவர். பூட்டிய அறைக்குள் ஒரு பிணம். சந்தேகப் பட்டியலில் இருப்பவர்களோ வித்தைக்காரர்களும் ஆவியோடு பேசுகிறவர்களும். பாவம், இன்ஸ்பெக்டர் கேவிகன்! சாதாரணக் கேஸில் ‘இவன் எப்படிப் பூட்டைத் திறந்திருப்பான்’ என்று யோசிக்கலாம். இங்கே யாரைப் பிடித்தாலும் பூட்டு ஒரு விஷயமே இல்லை. அடுத்த வருடமே இது படமாகவும் வந்தது. டாட் பிரௌனிங் என்ற இயக்குநருக்கு அதுதான் கடைசிப் படம்.

ராசனுக்கு ஜான் டிக்ஸன் கார் என்று ஒரு நண்பர். பூட்டிய அறைக் கொலை எழுதுவதில் சக்கரவர்த்தி. இரண்டு பேருக்கும் ஒரு பந்தயம்: கதவு ஜன்னல் இடுக்கெல்லாம் உள்பக்கமாகக் காகித டேப் ஒட்டி அடைத்த அறைக்குள் ஒரு கொலை; கொலைகாரன் எப்படி வெளியே போனான்? ஆளுக்கொரு விடை எழுதினார்கள். கார் எழுதியது 1944-இல் வந்த ‘ஹீ வுடின்ட் கில் பேஷன்ஸ்’. நீ கேட்ட சிரிப்பு அதில்தான் இருக்கிறது. லண்டனில் குண்டு விழுகிற காலம், மிருகக்காட்சிசாலை, பேஷன்ஸ் என்ற பெயரில் ஒரு பாம்பு. இரண்டு மேஜிக் குடும்பங்கள் பரம்பரைப் பகை. இந்த வீட்டுப் பையனும் அந்த வீட்டுப் பெண்ணும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டே துப்பறிய உதவுகிறார்கள். எனக்கும் என் வீட்டுக்காரம்மாவுக்கும் கல்யாணமான புதிதில் நடந்த பேச்சுவார்த்தை மாதிரியே இருக்கும்.

படிக்கப் பொறுமை இல்லையென்றால் பிபிசி தொடர் ‘ஜொனாதன் கிரீக்’. 1997-இல் தொடங்கி விட்டுவிட்டு 2016 வரை வந்தது. அதில் ஹீரோ மேடையில் நிற்கிறவர் இல்லை. மேடையில் நிற்கிற அலட்டல் பேர்வழிக்குப் பின்னால் உட்கார்ந்து ஐட்டங்களை யோசித்துக் கொடுக்கிறவர். காற்றாலைக்குள் குடியிருக்கிறார். அவர் மேடைக்குப் பின்னால் இருப்பவர் என்பதுதான் எனக்குப் பிடித்தது. எங்கள் தொழிலில் கைத்தட்டு வாங்குகிறவன் ஒருவன், பெட்டி செய்கிற ஆசாரி இன்னொருவர். கொலை நடந்தால் நான் ஆசாரியைத்தான் கூப்பிடுவேன்.

கேள்வி: மேடையிலேயே நிஜமாகக் கொலை நடந்தது உண்டா?
– மளிகைக் கடைக்காரர், சங்கரன்கோவில்

பதில்: கொலை நடந்ததாக ஒரு நாடே நம்பிய கதை ஒன்று உண்டு. கதாநாயகர் நம் இந்தியர், பி. சி. சர்க்கார். இப்போது வங்கதேசத்தில் இருக்கிற டாங்காயில் பக்கம் பிறந்தவர்.

1956 ஏப்ரல் 9, ராத்திரி. பிபிசியின் ‘பனோரமா’ நேரடி ஒளிபரப்பு. அது செய்தி அலசுகிற, கனமான நிகழ்ச்சி. கடைசி ஐட்டமாகச் சர்க்கார். மேசையில் ஒரு பெண் மயங்கிக் கிடக்கிறாள். பெட்டி கிடையாது, மூடாக்கு கிடையாது. மர மில்லில் சுழலுமே, அந்த மாதிரி வட்ட ரம்பம் அவள் இடுப்பில் இறங்குகிறது. அறுத்து முடித்ததும் சர்க்கார் அவள் கையைத் தேய்க்கிறார், கூப்பிடுகிறார். அசைவில்லை. தலையை ஆட்டிவிட்டு அவள் முகத்தை ஒரு கறுப்புத் துணியால் மூடுகிறார். அவ்வளவுதான். தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமரா முன்னால் வந்து நின்று, நிகழ்ச்சி முடிந்தது என்கிறார். எழுத்துகள் ஓடுகின்றன.

பிபிசியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திணறிவிட்டது. கண்ணெதிரே ஒரு பெண்ணை அறுத்துக் கொன்றுவிட்டான் என்று ஊர் முழுக்கப் போன். நேரம் தீர்ந்துவிட்டது, பெண் நலமாக இருக்கிறாள் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் பத்திரிகைகளில் முதல் பக்கம். அந்தச் சமயம் சர்க்கார் லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் ஷோ போட வந்திருந்தார் என்பதையும், டிக்கெட் எப்படிப் பறந்திருக்கும் என்பதையும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ‘நேரம் தீர்ந்துவிட்டது’ என்பதை நான் நம்பவில்லை. மேடையில் நேரம் பார்க்கத் தெரியாதவர் சர்க்கார் ஆகியிருக்க முடியாது.

இந்த ஐட்டத்துக்கே இரத்த வாடைதான் விளம்பரம். 1921 ஜனவரி 17-இல் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் எம்பயரில் செல்பிட் என்பவர் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் பெண்ணைப் பெட்டிக்குள் வைத்து அறுத்தார். ஷோக்களுக்கு நடுவில் ஆட்களை விட்டு வாளி வாளியாகச் சிவப்புத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் ஊற்றச் சொன்னாராம். நம் ஊரில் செய்திருந்தால் முனிசிபாலிட்டி வந்திருக்கும்.

நிஜச் சாவும் உண்டு. ‘சுங் லிங் சூ’ என்று சீனாக்காரர் வேஷத்தில் லண்டனைக் கலக்கியவர் உண்மையில் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். மேடையில் இங்கிலீஷே பேச மாட்டார். 1918 மார்ச் 23, வுட் கிரீன் எம்பயரில் துப்பாக்கிக் குண்டைத் தட்டில் பிடிக்கிற ஐட்டம். குண்டு மார்பில் பாய்ந்தது. ‘என்னவோ ஆகிவிட்டது, திரையை இறக்குங்கள்’ என்று சுத்தமான இங்கிலீஷில் கத்தினார். மறுநாள் உயிர் போய்விட்டது. கொலையா என்று சந்தேகம் கிளம்பியது. துப்பாக்கி நிபுணர் ராபர்ட் சர்ச்சில் துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தார். குண்டு இருக்கிற குழல் வெடிக்காமல், கீழே இருக்கிற இன்னொரு குழலில் மருந்து மட்டும் வெடிக்கிற மாதிரி மாற்றிய துப்பாக்கி அது. ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று மனிதர் ஒவ்வொரு ஷோவுக்கு அப்புறமும் குண்டைச் சுட்டு வெளியேற்றாமல், தானே பின்பக்கத்தைத் திருகிக் கழற்றி எடுத்திருக்கிறார். கழற்றிக் கழற்றி மரை தேய்ந்து, அந்த இடுக்கு வழியாக மருந்து கசிந்து, ஒரு நாள் நிஜக் குழல் வெடித்துவிட்டது. விபத்து என்று தீர்ப்பு. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரியே என் பெட்டியின் ஆணி, கீல் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கேள்வி: இந்தியக் கயிற்று வித்தையில் பையனை வெட்டிக் கூடையில் போடுவார்களாமே? அதை யாரும் போலீஸில் சொல்லவில்லையா?
– ஆட்டோ ஓட்டுநர், ஆவடி

பதில்: சொல்ல ஆள் வேண்டுமே, யாரும் பார்த்தால்தானே! அண்ணாந்து பார்த்தால் கயிறு, மேலே ஏறின பையன் மறைவான், கை கால் தனித்தனியாக விழும், அப்புறம் கூடையிலிருந்து முழுசாக எழுந்து வருவான் என்பது கதை. இது உலகம் முழுக்கப் பரவியதில் 1890-இல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ போட்ட ஒரு செய்திக்குப் பெரிய பங்கு உண்டு. நேரில் பார்த்தவராக அதில் வருகிறவர் பெயர் ஃப்ரெட் எஸ். எல்மோர். கடைசி இரண்டையும் சேர்த்து வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: ‘செல் மோர்’, அதாவது ‘இன்னும் விற்கட்டும்’! சில மாதம் கழித்து, அது கற்பனை என்று பத்திரிகையே ஒப்புக்கொண்டது. எழுதியவர் ஜான் வில்கி. இதே வில்கி 1898-இல் அமெரிக்க ரகசிய போலீஸான சீக்ரெட் சர்வீஸுக்குத் தலைவர் ஆனார். நடக்காத வித்தையை எழுதினவரைப் பிடித்துத் துப்பறியும் இலாகாவின் நாற்காலியில் உட்காரவைத்த தேசம் அது.

கேள்வி: நிஜமாகவே துப்பறிந்த மேஜிக்காரர் ஒருவர் பெயராவது சொல்ல முடியுமா?
– வக்கீல் குமாஸ்தா, திண்டுக்கல்

பதில்: ஹூடினி. கொலைக் கேஸ் இல்லை, ஆவி கேஸ். 1924-இல் பாஸ்டனில் ‘மார்ஜரி’ என்ற பெயரில் ஓர் அம்மா இருட்டறையில் ஆவியைக் கூப்பிட்டு மணி அடிக்கவைக்கிறார் என்று பெரிய பேச்சு. ஒரு விஞ்ஞானப் பத்திரிகை பரிசு அறிவித்து, சோதிக்க ஒரு குழுவைப் போட்டது. குழுவில் ஹூடினியும் ஒருவர். இருட்டில் பக்கத்தில் உட்காருகிறவர் காலோடு அந்த அம்மாவின் கால் ஒட்டியிருக்கும். நகர்ந்தால் தெரிந்துவிடும் என்பது ஏற்பாடு. ஹூடினி அன்று பகல் முழுக்க முழங்காலுக்குக் கீழே ரப்பர் பட்டையை இறுகக் கட்டிக்கொண்டு நடந்தார். ராத்திரிக்குள் கால் வீங்கி, தொட்டாலே விண்விண்ணென்று ஆகிவிட்டது. கால்சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மணி அடிக்கும் முன் அம்மாவின் கணுக்கால் அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்ந்ததை அந்தப் புண்ணான தோல் பிடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். குமாஸ்தா சார், பூதக்கண்ணாடியும் பைப்பும் எல்லாரும் வைத்துக்கொள்ளலாம். பகல் முழுக்கக் காலைக் கட்டிக்கொண்டு நடக்கிறவன்தான் மேஜிக்காரன்.

கேள்வி: மற்றவர் கதை இருக்கட்டும். நீங்கள் ஒரு கேஸாவது கண்டுபிடித்தது உண்டா?
– குடும்பத் தலைவி, திருமங்கலம்

பதில்: எதிர்பார்த்தேன் அம்மா. உண்டு என்று சொல்ல ஆசைதான். 1988, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், பங்குனிப் பொங்கல். ராத்திரி பத்து மணிக்கு ஷோ. அப்போது என் பெரிய ஐட்டம், வெறும் பெட்டியிலிருந்து வெள்ளைச் சேவலை வரவழைப்பது. சாயங்காலம் மேடைக்குப் பின்னால் சேவலைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, பட்டாளத்துக்காரர் ஒருவர் வீட்டில் காபி குடிக்கப் போனேன். ஏழு மணிக்குத் திரும்பினால் பஞ்சாரம் சாய்ந்து கிடக்கிறது. சேவல் இல்லை.

பத்தடி தள்ளிச் சமையல் கொட்டகை. போய்ப் பார்த்தால் தரையெல்லாம் இறகு. ஒரு பையன் அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டிருக்கிறான். அண்டாவில் கோழிக் குழம்பு கொதிக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? “கொலைகாரப் பாவி!” என்று தவசிப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் ஆறடி ஆள். என்னை ஒரு பாத்திரத்தை நகர்த்துகிற மாதிரி நகர்த்திவைத்துவிட்டு, “உன் கோழிய நான் ஏன்யா தொடுறேன்?” என்றார். அங்கே இருந்த பத்துப் பேரையும் விசாரித்தேன். ஒரே பதில்: “சேவல் பக்கம் யாருமே வரலைங்க.”

ஷோவில் அந்த ஐட்டத்தைத் தாண்டிவிடலாம் என்று பார்த்தால், முந்தின வருடம் பார்த்த பொடிசுகள் “சேவல்! சேவல்!” என்று கத்துகின்றன. வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறந்து காட்டி, மூடி, மந்திரம் சொல்லி, மறுபடி திறந்தேன். காலி. “சேவல் மாயமாகிவிட்டது!” என்று சமாளித்தேன். சரியாக அந்த நேரம் பந்தலுக்கு மேலே வேப்பமரத்திலிருந்து ‘கொக்கரக்கோ’. இருட்டினதும் மரம் ஏறி அடைந்த சேவல், மேடை டியூப் லைட்டைப் பார்த்து விடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறது. அன்றைக்கு விழுந்த கைத்தட்டு என் ஆயுசில் விழுந்ததில்லை.

அப்புறம்தான் என் வீட்டுக்காரம்மா கேட்டாள், “கொட்டகையில் கிடந்த இறகு என்ன கலர்?” சிவப்பு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. “பஞ்சாரத்து மேல இருந்த கல் எங்கே?” அதுவும் இல்லை. அவள் போய், “யாராச்சும் இங்க இருந்து கல்லு எடுத்தீங்களா?” என்று கேட்டாள். மூன்று பேர் ஒரே நேரத்தில் மைக் செட் தம்பியைக் காட்டினார்கள். குழாய் ஸ்பீக்கர் கட்டின மூங்கிலுக்கு முட்டுக் கொடுக்க எடுத்துப் போயிருக்கிறான். நான் சேவலைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் சேவலைப் பற்றிச் சொன்னார்கள். அவன் சேவலுக்காக வரவில்லையே, கல்லுக்காகத்தானே வந்தான்! எட்டே முக்கால் பாடத்தைப் பண்ருட்டி சாருக்கு நடத்துகிற நான், அன்றைக்கு அதில் தேறவில்லை.

மறுநாள் காலைப் பந்தியில் தவசிப்பிள்ளை என் இலையில் உப்பை மட்டும் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு வடை.

கேள்வி: நானும் இப்படி ஒரு சிரிப்புக் கொலைக் கதை எழுத நினைக்கிறேன். டிப்ஸ்?
– ஐ.டி. ஊழியர், பெங்களூரு

பதில்: பிணம் சிரிப்பு மூட்டக் கூடாது தம்பி, சுற்றி இருப்பவர்கள் மூட்டலாம். செத்தவரைப் பற்றி யாராவது ஒருவர் நிஜமாக அழ வேண்டும், இல்லாவிட்டால் யார் கொன்றால் என்ன என்று ஆகிவிடும். மேஜிக்காரர் கைக்குட்டையை உதறி விடையை எடுக்கிற மாதிரி எழுதாதே. பொறிக் கதவு, இரட்டைப் பிறவி இரண்டும் வேண்டவே வேண்டாம், நாங்களே அலுத்துப்போய்விட்டோம். வாசகர் கண்ணெதிரே கல்லை எடுத்துப் போ. அவர் சேவலையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

கேள்வி: ஆன்ட்டியை ரம்பத்தால் அறுத்திருக்கிறீர்களா? வலிக்காதா?
– ஆறாம் வகுப்பு மாணவி, தேனி

பதில்: முந்நூறு தடவைக்கு மேல் அறுத்திருக்கிறேன் கண்ணு. பக்கத்து வீட்டுப் பாட்டி இன்றைக்கும் மழைக்காலத்தில் வந்து, “இடுப்பு குத்துதா தாயி?” என்று ஆன்ட்டியிடம் விசாரித்துவிட்டுப் போகிறார்.

கேள்வி: அந்தச் சேவல் அப்புறம் என்ன ஆனது?
– போன மாதம் வீட்டுக்கு வந்தபோது கதை கேட்ட என் பேரன், மதுரை

பதில்: கைத்தட்டு ருசி கண்டுவிட்டதடா. அதற்கப்புறம் டியூப் லைட்டைப் பார்த்தாலே கூவ ஆரம்பித்தது, பெட்டிக்குள் ஒளிந்திருக்கும்போதும். மூன்று ஊரில் மானம் போனது. சந்தையில் கொடுத்துவிட்டு, சத்தம் போடாத இரண்டு புறா வாங்கினேன். குழம்பாயிற்றா என்று நான் விசாரிக்கவில்லை. உன் பாட்டி விசாரிக்க விடவில்லை.